கோழி வரியும் என் டாட்சன் பிக்கப்பும்

நாமக்கல்லில் பிறந்தவனுக்குக் கோழியையும் லாரியையும் பற்றி வெளியூர்க்காரன் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்றுதான் ரொம்ப நாளாக நினைப்பு. ஆனால் கோழிச் சண்டையால் டிரக்குக்கு வரி விழுந்த கதை எனக்குத் தெரிய வந்தது அமெரிக்கா வந்த பிறகு, அதுவும் ஒரு பழைய பிக்கப்புக்கு அடியில் மல்லாக்கப் படுக்கத் தொடங்கிய பிறகுதான்.

வண்டி 1974 டாட்சன் 620. டாட்சன் என்றதும் நம் ஊர் ஆட்களுக்கு ஒரகடத்தில் செய்த டாட்சன் கோ கார் நினைவுக்கு வரும், 2014-ல் வந்து 2022-ல் நின்றுபோனதே அதுதான். அது நிசான் தன்னுடைய பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்து ஒட்டிய கார். எழுபதுகளில் கலிஃபோர்னியாவில் டாட்சன் என்றால் தோட்ட வேலைக்காரர், பெயிண்டர், கடற்கரைக்கு அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகும் காலேஜ் பையன், எல்லாருக்கும் கட்டுப்படியான குட்டி டிரக். 620 மாடல் 1972 முதல் 1979 வரை வந்தது. எடை ஒரு டன்னை ஒட்டித்தான். இன்றைக்கு இங்கே விற்கும் பிக்கப்பின் பானெட் என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. 620-ல் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் அந்தப் பக்கம் கிடக்கும் ஸ்பேனரை இந்தப் பக்கம் நின்றபடியே எட்டி எடுத்துவிடலாம். எனக்கு இந்த வண்டி பிடித்துப்போனதே அந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்று வீட்டில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சரி, கோழிக்கு வருவோம். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழி மலிவு விலையில் மேற்கு ஜெர்மனியில் போய்க் குவிந்தது. அங்கிருந்த பண்ணைக்காரர்கள் கூச்சல் போட, ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் இறக்குமதிக் கோழிக்கு வரியை ஏற்றின. பதிலுக்கு 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் நான்கு சரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டார்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் என்ற பசைப் பொருள், பிராந்தி, அப்புறம் சின்ன டிரக். டிரக் எதற்கு என்றால் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனை அடிப்பதற்கு. மற்ற மூன்றும் பிறகு கழன்றுவிட்டன, டிரக் மேல் விழுந்தது மட்டும் அறுபது வருடம் தாண்டியும் போகவில்லை. அடி விழுந்ததும் ஜெர்மனிக்காரன் மேலோடு நிற்காமல் பிற்பாடு ஜப்பான்காரன் மேலும் சேர்ந்து விழுந்தது.

ஜப்பான்காரன் சும்மா இருப்பானா? முழு டிரக்காக இறக்கினால்தானே 25. தொட்டி இல்லாமல் வெறும் கேபினும் சேஸும், அதாவது அடிச்சட்டமுமாகக் கொண்டுவந்தால் வரி 4 சதவீதம். கப்பலிலிருந்து அப்படியே இறக்கி, இங்கே தொட்டியை மாட்டி விற்றார்கள். டொயோட்டா பிக்கப்பின் தொட்டியைக் கலிஃபோர்னியாவில் லாங் பீச்சிலேயே செய்தார்கள். ஃபோர்டு கூரியர் என்று விற்றது மாஸ்டா செய்தது, செவர்லே லவ் என்று விற்றது இசுசு செய்தது, இரண்டுமே இந்த வழியாகத்தான் உள்ளே வந்தன. சுபாரு இன்னொரு படி மேலே போய், பிராட் என்ற தன் குட்டி பிக்கப்பின் தொட்டியில் பின்னால் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட்டை முடுக்கி, "இது டிரக் இல்லை, ஆள் ஏறும் கார்" என்று சாதித்தது. ரொனால்ட் ரீகன்கூட தன் பண்ணையில் ஒரு பிராட் வைத்திருந்தார். கேபின்-சேஸ் ஓட்டையை 1980-ல் அடைத்தார்கள். அப்புறம் நிசான் டென்னசியில் ஆலையே கட்டி, 1983-ல் அங்கிருந்து வெளியே வந்த முதல் வண்டியாக ஒரு பிக்கப்பையே ஓட்டிவிட்டது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சேஸ் ஒருத்தன், பாடி ஒருத்தன் என்பது நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் அன்றாடம் நடக்கிற தொழில். மொட்டைச் சேஸை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். பட்டறையில் கேபினும் பாடியும் கட்டி, பெயிண்ட் அடித்து, பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிட்டு அனுப்புவார்கள். என் மாமா அந்தப் பட்டறைகளில்தான் வேலை பார்த்தவர். வண்டியை வீடியோவில் காட்டியபோது, இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மாப்ள, அந்தத் தொட்டி கேபினோட ஒட்டாம தனியா நிக்குதாட்ட இருக்குது?"

"ஆமாங் மாமா, சேஸ் மேல போல்ட்டுலதான் நிக்குது."

"அப்பறம் என்ன, கழட்டி வெச்சுப்போட்டு வேலையப் பாரு. மேல நின்னு குனிஞ்சு பாத்தா ஒண்ணுந் தெரியாது."

பழைய குட்டி பிக்கப் வாங்க நினைக்கிற யாருக்கும் நான் சொல்லக்கூடியதும் இதுதான். பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். இன்ஜின் கெட்டால் ரிப்பேர் பண்ணலாம், தகடு கெட்டால் வண்டியே இல்லை. துரு பிடிக்கும் இடங்கள் ஏறத்தாழ எல்லா மாடலுக்கும் ஒன்றுதான். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகிற சல்லடை இருக்கும். அதற்குள் மரத்து இலை விழுந்து, மக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அங்கிருந்து தண்ணீர் கசிந்து கால் வைக்கிற தரையைத் தின்றுவிடும். முன் மட்கார்டின் அடிப்பகுதி, சக்கரம் வாரியடிக்கிற மண் போய் அடைகிற மூலை. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகடு. கேபினின் பின் மூலைகள். இங்கெல்லாம் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாமல் நழுவினால் உள்ளே பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், கெட்டது சொத்தென்று அடங்கும். விற்கிறவர் முகம் மாறும், பரவாயில்லை. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுகிற மாநிலத்து வண்டி என்றால் விலை பாதி என்றாலும் நான் தொடமாட்டேன். கலிஃபோர்னியாவின் உள்பகுதியில் காய்ந்து கிடந்த வண்டிக்கு வெயிலில் டேஷ்போர்டு வெடித்திருக்கும், சீட் கிழிந்திருக்கும், ஆனால் சேஸ் முழுசாக இருக்கும்.

தொட்டியைக் கழற்றுவது கேட்பதற்குப் பெரிய வேலை மாதிரி இருக்கும். அப்படியில்லை. பெட்ரோல் ஊற்றும் குழாயையும் டெயில் லைட் ஒயரையும் பிரித்துவிட்டு, போல்ட்டுகளுக்கு முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால், நாலு பேர் மூலைக்கு ஒருத்தராகப் பிடித்துத் தூக்கி ஓரம் வைத்துவிடலாம். சேஸ் பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஐம்பது வருட மண் இறுகிப்போய்க் கிடந்தது. சுரண்டினால் உள்ளே வைக்கோல், ஒரு பேனா மூடி, ஓர் எலிக்கூடு. அதற்குக் கீழே ஒரிஜினல் கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்த இடமும் உண்டு, உப்புத்தாள் போட்டதும் பொடியாக உதிர்ந்த இடமும் உண்டு.

தகடு வெட்டி ஒட்டுவதில் அவசரம் ஆகவே ஆகாது. பழைய காரின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரே இழுப்பாக வெல்டிங் இழுத்தால் சூட்டில் நெளிந்து அலை அலையாக நிற்கும். 0.6 மில்லிமீட்டர் கம்பி போட்டு, இந்த மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு, கை வைத்துத் தொடும் அளவுக்கு ஆறவிட்டு அடுத்த பொட்டு. ஓட்டை விழும் இடத்தில் பின்னால் ஒரு செம்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டால் உருகின இரும்பு அதில் ஒட்டாது, ஓட்டையும் அடைபடும். இந்த வேலையில் கணிசமான நேரம் வெறுமனே உட்கார்ந்து காத்திருப்பதுதான், காப்பி நிறையக் குடிப்பீர்கள்.

இன்ஜினைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மெக்கானிக் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1974 மாடலில் இருப்பது எல்18, 1,770 சிசி, நாலு சிலிண்டர். அதற்கு முந்தைய எல்16-ன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 83 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 73.7. இதே அளவில் இரண்டு சிலிண்டரை மட்டும் கூட்டினால் புகழ்பெற்ற 240இசட் ஸ்போர்ட்ஸ் காரின் எல்24 வந்துவிடும். தோட்ட வேலைக்கு வாங்கின டிரக்கும் பணக்காரப் பையன் ஓட்டின ஸ்போர்ட்ஸ் காரும் பங்காளிகள். அதனால்தான் இன்றைக்கும் கேஸ்கெட், வால்வு சாமான் எல்லாம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கின்றன.

இந்தக் குடும்பத்து இன்ஜினில் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேலே உட்காரும் தலைப்பகுதியை, கழற்றுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வால்வுகளை இயக்கும் கேம் தண்டைச் சுழற்றுகிற டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் முன்பக்க மூடிக்குள் ஆழத்தில் இருக்கிறது. மேலே கேம் சக்கரத்தைக் கழற்றியதும் செயின் தொய்ந்தால் டென்ஷனர் வெளியே துருத்திக்கொண்டு வந்துவிடும், பிறகு அதை உள்ளே தள்ள முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். அதற்கு மருந்து ஒரு மர ஆப்பு. நீளமாகச் சீவி, செயினின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மேலிருந்து இறக்கி இறுக்கிவிட வேண்டும். ஆப்பின் தலையில் துளை போட்டு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் இழுத்து எடுக்க. நான் செதுக்கினது உடைந்துபோன துடைப்பக் கட்டையில்; கராஜ் சுவரில் ஆணியில் தொங்குகிறது, இருக்கிற கருவிகளிலேயே விலை குறைந்தது அதுதான்.

பிரேக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: நாலு சக்கரமும் டிரம், சிலிண்டர்களை யோசிக்காமல் புதிதாக மாற்றுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பெட்ரோல் ஹோஸ் எல்லாமே புதிதாக வேண்டும், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை அரித்துவிடும், சூடான இன்ஜினுக்கு மேல் பெட்ரோல் சொட்டினால் கதை வேறு.

பெயிண்ட் விஷயத்தில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துவருவதில்லை. ஒரு கூட்டம் கண்ணாடி மாதிரி மினுமினுக்க அடித்துவிட்டு மழை வந்தால் வெளியே எடுக்காது, தொட்டியில் ஒரு மண் மூட்டை ஏற்றச் சொன்னால் முகம் சுளிக்கும். இன்னொரு கூட்டம் நல்ல பெயிண்டைச் சுரண்டி, காசு கொடுத்து துரு நிறம் அடித்துக்கொள்கிறது. இரண்டும் எனக்கு ஆகாது. இது வேலைக்குப் பிறந்த வண்டி. துருவை நிறுத்தியாகிவிட்டது, ஒட்டுப் போட்ட இடத்தில் அதே பச்சைக்கு நெருக்கமாக ஒரு கோட் அடித்தாகிவிட்டது, அவ்வளவுதான். தொட்டியின் உள்பக்கம் யாரோ பலகை பலகையாக ஏற்றி இறக்கின தழும்பு இருக்கிறது, அது இருக்கட்டும். சனிக்கிழமை உரம் ஏற்றுகிறேன், அடுப்புக்கு விறகு ஏற்றுகிறேன், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குக் கரும்புக் கட்டு ஏறியது. பக்கத்துத் தெரு மெக்சிகோக்காரப் பெரியவர் ஒருவர், இதே மாடலை வைத்துத் தோட்ட வேலை பார்த்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாராம். வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தச் சொல்லி, கியர் கம்பியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்.

கலிஃபோர்னியாவில் வாங்குபவர்கள் வருடத்தையும் பாருங்கள். 1975 வரையிலான மாடலுக்குப் புகைச் சோதனை கிடையாது, 1976-லிருந்து உண்டு. அந்த ஒரு வருட வித்தியாசத்துக்கு விலை எப்படி எகிறுகிறது என்று விளம்பரங்களைப் பார்த்தாலே தெரியும். 77-ல் வந்த, கேபின் நீண்ட கிங் கேப் அழகுதான், ஆனால் கார்புரேட்டரைச் சுற்றி நூலாம்படையாக ஓடுகிற வாக்குவம் குழாய்கள் அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் சோதனையில் தேறும்.

இப்போது எனக்குப் பாக்கி இருப்பது தொட்டியின் பின்கதவு. டாட்சன் என்ற எழுத்துகள் தகட்டிலேயே புடைப்பாக அழுத்தியிருக்கும், என்னுடையது நடுவில் குழி விழுந்து இரண்டு எழுத்து சப்பையாகிவிட்டது. காயலான் கடைகளில் கிடைக்க வேண்டிய சாமான்தான், ஆனால் நல்ல கதவாக இருந்தால் அதை வாங்கிப்போய் வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறார்கள், இல்லையென்றால் முதுகு சாயும் பலகையாக வைத்துத் தோட்டத்துக்கு பெஞ்சு செய்கிறார்கள், கேட்டால் அலங்காரமாம். யார் கண்ணிலாவது 620 கதவு பட்டால், பச்சையாக இருக்க வேண்டியதில்லை, எந்த நிறமானாலும் சரி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெஞ்சு செய்யத்தான் வாங்கினோம் என்றால் கதவை எனக்குக் கொடுங்கள், பதிலுக்கு நல்ல மரத்திலேயே ஒரு பெஞ்சு அடித்து டாட்சனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடுகிறேன்.