மூணு கிளிக் போதும்

போன மாசம் ஒரு ராத்திரி லேண்டிங்ல எனக்கு கொஞ்சம் மோசமாத்தான் போச்சு. அதுக்குக் காரணம் காத்து இல்ல, இஞ்சின் இல்ல, நானே போட்ட லைட்டுதான். அதான் எழுதி வைக்கலாம்னு.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், அமெரிக்கால விமானங்களுக்கு வழி சொல்ற கன்ட்ரோல் டவர் இல்லாத சின்ன ஏர்போர்ட் நெறைய இருக்கு, ராத்திரி அங்க ஒரு ஆள் இருக்க மாட்டாங்க, ரன்வே லைட் அணைஞ்சுதான் கிடக்கும், வானத்துல இருந்து நாமதான் போட்டுக்கணும். அந்த ஏர்போர்ட்டோட ஃப்ரீக்வென்சில ரேடியோவ வெச்சுட்டு மைக் பட்டன 5 செகண்டுக்குள்ள 7 தடவை அமுக்குனா ஃபுல் பிரைட், 5 தடவைன்னா மீடியம், 3 தடவைன்னா கம்மி. 15 நிமிஷம் எரிஞ்சுட்டு தானா அணைஞ்சிடும். முதல் தடவை நான் அமுக்குனப்ப கும்மிருட்டுக்குள்ள ரெண்டு வரிசை விளக்கு பளிச்சுன்னு வந்துச்சு பாருங்க, உடம்பே சிலிர்த்துப் போச்சு.

சிக்கலும் அங்கதான். 7 அமுக்குனா நல்லா தெரியுது, அப்ப அப்படியே விட்ருவோம்னுதான் யாருக்கும் தோணும். நானும் விட்டேன். வானம் சுத்தமா இருந்துச்சு, நிலா இல்ல, சுத்தியும் வெறும் வயல், வீடு கிடையாது. ரன்வே மட்டும் கண்ண கூசுது. இந்த மாதிரி எடத்துல லைட் ரொம்ப பிரைட்டா இருந்தா ரன்வே பக்கத்துல இருக்கற மாதிரி கண்ணு ஏமாத்தும், பைலட் அவரே அறியாம உயரமா வருவாருன்னு பாடத்துல படிச்சிருந்தேன், படிச்சும் உயரமாத்தான் வந்தேன். கிட்ட வந்தப்ப விளக்குங்க தெரியுதே தவிர நடுவுல இருக்கற தார் ரோடு தெரியவே இல்ல, தரை எங்க இருக்குன்னு பிடிபடாம சீக்கிரமே மூக்க தூக்கிட்டேன், விமானம் தொப்புன்னு விழுந்துச்சு. இன்ஸ்ட்ரக்டர் ஒண்ணும் சொல்லல. ரன்வேய விட்டு டாக்ஸிவேக்கு, அதான் விமானம் மெதுவா ஊர்ந்து போற பாதைக்கு, திரும்பினோம், ஓரத்துல நீல விளக்கு மட்டும், மத்ததெல்லாம் மை இருட்டு. அப்பதான் "நில்லு, இப்ப உனக்கு என்ன தெரியுது"ன்னு கேட்டார். எனக்கு ஒண்ணுமே தெரியல. பார்க்கிங்ல நிக்கற விமானங்க கூட தெரியல!

நம்ம கண்ணுல கூம்பு செல், குச்சி செல்னு ரெண்டு இருக்குல்ல, பகல்ல கலர் பாக்கறது கூம்பு, இருட்டுல வேலை செய்யறது குச்சி. குச்சி செல்லுக்குள்ள ரோடாப்சின்னு ஒரு பொருள் இருக்கு, வெளிச்சம் பட்டா அது சிதைஞ்சிடும், மறுபடி முழுசா சேர அரை மணி நேரம் ஆகும். விட்டமின் ஏ இல்லாட்டி மாலைக்கண் வருதுன்னு சொல்றதும் இதனாலதான். அரை மணி நேரம் பொறுமையா சேத்தத சில செகண்டுல தொலைச்சிடலாம், நான் தொலைச்சேன்.

இன்னொரு விஷயம், கண்ணோட நட்ட நடுவுல குச்சி செல்லே கிடையாது, அதனால இருட்டுல எதையாவது நேரா முறைச்சா அது மறைஞ்சிடும், கொஞ்சம் தள்ளிப் பாக்கணும். சின்ன வயசுல மொட்டைமாடில படுத்துகிட்டு கார்த்திகை நட்சத்திரத்த எண்ணுவோம், நேரா பாத்தா ஒரு புகை மாதிரி இருக்கும், ஓரக்கண்ணால பாத்தா ஒண்ணு ஒண்ணா வரும். பைலட்டுக்கும் அதே வித்தைதான் சொல்லித் தர்றாங்க.

சிவப்பு டார்ச் வெச்சுக்கோ, ராத்திரிப் பார்வை கெடாதுன்னு எல்லாரும் சொல்வாங்க, உண்மைதான், ஆனா மேப்புல டவர் இல்லாத ஏர்போர்ட்ட மெஜந்தா கலர்லதான் போட்டிருப்பாங்க, சிவப்பு வெளிச்சத்துல அது மங்கிப் போயிடும். எது தேவையோ அதுவே காணோம். நான் இப்ப ரொம்ப மங்கலான வெள்ளை லைட்தான் வெச்சிருக்கேன், அதையும் ஒரு கண்ண மூடிகிட்டுதான் போடறேன்.

இப்ப பல எடத்துல பழைய பல்ப எடுத்துட்டு எல்இடி மாத்தறாங்க. பழைய பல்ப கம்மி பண்ணா மஞ்சளா மாறும், எல்இடி எவ்ளோ கம்மி பண்ணாலும் அதே வெள்ளைதான், என் கண்ணுக்கு அது இன்னும் குத்துது. கரண்ட் மிச்சம், சீக்கிரம் போகாது, எல்லாம் சரி. பைலட் கண்ணையும் கணக்குல எடுத்துட்டு வெளிச்சத்த வெக்கணும்னுதான் என் ஆசை.

டவர் இருக்கற எடத்துலயும் லைட்ட கொஞ்சம் கம்மி பண்ணுங்கன்னு கேட்டா பண்ணுவாங்க, கேக்கறதுக்கு தயங்கவே கூடாது. நம்ம ஊர் ஹைவேல எதிர்ல பஸ் வந்தா டிம் அடிக்கறோமே, அது மாதிரிதான் இதையும் நான் பாக்கறேன்.

இப்ப என் பழக்கம் இதுதான்: தூரத்துலயே 7 அமுக்கி ரன்வேய கண்டுபிடிச்சுடுவேன், ஏற்கனவே எரிஞ்சுகிட்டு இருந்தாலும் அமுக்குவேன், முன்னாடி போனவர் எப்ப போட்டாரோ, பாதில அணைஞ்சிடக் கூடாதுல்ல. ரன்வேக்கு நேரா வந்ததும் 3. மூடுபனி, மழைன்னா மட்டும் அப்படியே விடுவேன், அதுக்குத்தான் அந்த வெளிச்சம்.

போன வாரம் அப்படித்தான் 3-ல வெச்சு இறங்கிட்டு இருந்தேன், தார்ல டயர் தேஞ்ச கறுப்புத் தடம் கூட தெரிஞ்சுது. அப்ப ரேடியோல வேற ஒருத்தர், பத்து மைல் தள்ளி இருக்கேன், லைட்ட ஏத்திக்கலாமான்னு கேட்டார். நான் ஷார்ட் ஃபைனல்ல, அதாவது ரன்வேய தொடப் போற கடைசி கட்டத்துல, இருக்கேன், ஒரு நிமிஷம் குடுங்கன்னேன். நான் ரன்வேய விட்டு வெளிய வந்துட்டேன்னு சொல்ற வரைக்கும் அவர் பட்டன தொடவே இல்ல.