காலை 11 மணிக்கு எங்கள் ஊரில் வீடற்றவர் யாருமில்லை

கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. மொத்தமே மூன்று வரி. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் திட்டக் காலம் 30.09.2024 உடன் முடிந்துவிட்டதால், வீடற்றோர் தங்குமிடம் அமைக்கக் கோரும் தங்கள் கருத்துரு திருப்பி அனுப்பப்படுகிறது. இந்த மூன்று வரிக்காக நாங்கள் ஆறு பேர் கிட்டத்தட்ட இரண்டு வருடம் நடந்திருக்கிறோம். வேறு ஊரில் யாராவது இதே வேலையில் இறங்கினால் எங்கள் தப்பையெல்லாம் மறுபடி செய்ய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரைச் சொன்னால் எந்த அலுவலகம், எந்த மேஜை என்று தெரிந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்குள் ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதுவது, ஆன்லைனில் பதிவது எல்லாம் அன்றாட வேலை, அதனால் இதுவும் சுலபம் என்று நினைத்துவிட்டேன்.

2023 ஜனவரியில் ஒரு நாள் கடை திறந்ததும் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து ஒரு நோட்டீஸைக் கொடுத்து 20 காப்பி போடச் சொன்னார். "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 60, வலது முழங்காலில் தழும்பு." கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போதுதான் படத்தைப் பார்த்தேன். தினமும் பக்கத்து டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் டீ கேட்பவர். பகலில் லோடு இறக்குவார், ராத்திரி சந்தைக் கொட்டகையில் படுப்பார். பனியில் போய்விட்டார். இத்தனை வருடம் பார்த்தவர், பெயர் மட்டும் எனக்கும் தெரியவில்லை, டீக்கடை அண்ணனுக்கும் தெரியவில்லை. 20 காப்பிக்கும் காசு வாங்கிக்கொண்டேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த டீக்கடையில்தான் சேர்ந்தோம். டீக்கடை அண்ணன், ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் (ஊருக்கே வாத்தியார்), ஆட்டோ ஸ்டாண்ட் தம்பி, வக்கீல் ஆபீஸில் ஜூனியராக இருக்கும் ஒரு பெண், பூக்கட்டும் அக்கா, நான். இதில் பூக்கார அக்கா மட்டும்தான் நாலு வருடம் கோவில் மண்டபத்தில் படுத்து எழுந்தவர். அவரைக் கடைசியாகச் சேர்த்தோம். முதலிலேயே சேர்த்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

முதல் மனுவைக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். வாத்தியாரின் முத்து முத்தான கையெழுத்தில், "வீடு இல்லாத ஏழைகளுக்கு இடம் வழங்க வேண்டி" என்று தலைப்பு. அதைப் படித்தவர்கள் வீட்டுமனை கேட்கிறோம் என்று நினைத்துத் தாலுகா ஆபீஸுக்குத் தள்ளிவிட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து, மனுதாரர் சொந்த வீட்டில் வசிப்பதால் பட்டா பெறத் தகுதியற்றவர் என்று பதில். மனுதாரர் வாத்தியார்! மனிதர் இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே வரவில்லை. முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-இலும் புகார் பதிந்திருந்தோம், அதுவும் அதே பதிலோடு முடித்து வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது.

அதனால் முதல் எச்சரிக்கை: தலைப்பில் "நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடம்" என்ற சொல்லே இருக்க வேண்டும், திட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். மனை இல்லாதவரும் வீடற்றவரும் ஆபீஸில் வேறு வேறு ஃபைல். ஏப்ரலில் அப்படியே மாற்றி எழுதிக் கொடுத்ததும் மனு சரியான இடத்துக்குப் போனது.

சரியான இடத்தில் இருந்த கிளார்க் ரொம்ப மரியாதையானவர், உட்காரச் சொல்லி, மின்விசிறியைக்கூட எங்கள் பக்கம் திருப்பிவிட்டுத்தான் இல்லை என்றார். "லட்சம் ஜனத்தொகை இருக்கிற டவுனுக்குத்தாங்க அது. அப்புறம், நம்ம ஊர்ல அப்படி யாருங்க இருக்காங்க?" லட்சம் என்பது பழைய கதை. 2013-இல் திட்டம் தொடங்கியபோது லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களும் மாவட்டத் தலைநகரங்களும்தான் இருந்தன. 2016-இல் எல்லா நகர உள்ளாட்சிகளுக்கும் விரித்துவிட்டார்கள். ஜூனியர் அதை பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். கிளார்க் வாங்கி, மடித்து, கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, "சரிங்க, ஆய்வு பண்ணிச் சொல்றோம்" என்றார்.

ஆய்வு செய்தார்கள்தான். என்ன ஆய்வு என்று கேட்டால் பதில் வராததால் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டோம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் கெடு. 30 நாள் தாண்டியது, முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் நகல் கையில் வந்தது. ஒரு பக்கம். மே மாதம் ஒரு புதன்கிழமை, காலை 11 மணி முதல் 11.40 வரை பஸ் ஸ்டாண்ட், சந்தை, கோவில் பகுதிகளில் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டதில் வீடற்றோர் எவரும் கண்டறியப்படவில்லை.

சிரிப்பதா அழுவதா. காலை 11 மணிக்கு அவர்கள் எங்கே இருப்பார்கள்? வேலையில் இருப்பார்கள். 2011 சென்செஸில் வீடற்றோரை எண்ணியது பிப்ரவரி 28 ராத்திரி. அந்த ஒரு ராத்திரியில் நாடு முழுக்க 17 லட்சத்துக்கு மேல் வந்தது. ராத்திரியில்தான் எண்ண வேண்டும் என்று சர்க்காருக்கே தெரிந்த விஷயம்.

சரி, நாமே எண்ணுவோம் என்று ஜூலையில் கிளம்பினோம். நாங்கள் செய்த பெரிய தப்பு இங்கேதான். ஆதாரம் வேண்டும் என்று ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தோம். கொட்டகையில் ஒருவர் எழுந்து ஆட்டோ தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டார். தங்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஏதோ இல்லத்தில் அடைக்கப் போகிறார்கள் என்று அங்கே படுப்பவர்களிடையே பேச்சு பரவி, மறுநாள் ராத்திரி கொட்டகை காலி. பூக்கார அக்கா எங்களைத் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு அவர்தான் முன்னால் போனார். கேமரா இல்லை, ஒரு ஃபிளாஸ்க் டீ, ஒரு நோட்டு. பெயர் சொல்ல இஷ்டமில்லாதவர்களுக்கு ஒரு கோடு மட்டும்.

53 கோடும் பெயரும். பிச்சை எடுப்பவர்கள் அதில் ஆறே பேர். மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்கு வந்தவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், புளி தட்டுகிறவர்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் இடுப்பு விழுந்து திரும்பி வந்து வீட்டுக்குப் போக வெட்கப்படுகிற ஒருவர். பெண்களை நாங்கள் முதலில் எண்ணவே இல்லை, கண்ணில் படவில்லை. அக்கா ஒரு பெஞ்சைக் காட்டினார். நாற்பது வயதுப் பெண், தலை வாரி, மஞ்சள் பையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாராவது கேட்டால் சேலம் பஸ் என்பாராம், போலீஸ் மாறினால் ஓசூர் பஸ். மூன்று வருடமாக எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. உட்கார்ந்தபடியே தூங்குவார். நானும் அவரைப் பல தடவை பார்த்திருக்கிறேன், பிரயாணி என்றே நினைத்திருக்கிறேன்.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனபோது செயல் அலுவலர் மாறியிருந்தார். புதிதாக வந்தவர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "நானே வர்றேன், எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அக்டோபரில் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு சுகாதார மேற்பார்வையாளரோடு வந்தார். கூழ் சீசன் முடிந்திருந்ததால் 31 பேர்தான். அவர் கையெழுத்துப் போட்ட 31, எங்கள் 53-ஐ விடப் பெரிய எண். கூட்டாகக் கணக்கெடுங்கள், அவர்கள் கையெழுத்து இல்லாத எண்ணை எவ்வளவு அழகாகத் தட்டச்சு செய்தாலும் மதிப்பில்லை.

இந்த இடைவெளியில் நடந்த ஒரு நல்ல காரியம் வாக்காளர் அட்டை. என் கடை வாசலில் படுக்கும் பாட்டிக்குப் படிவம் 6 போட்டோம். வீடற்றவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை, வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து அந்த இடத்தில்தான் படுக்கிறாரா என்று ஒரு தடவைக்கு மேல் பார்த்தால் போதும், இது தேர்தல் ஆணையத்தின் விதி. எங்கள் பகுதிக்கு அங்கன்வாடி டீச்சர். பாவம், பத்தரை மணிக்கு வீட்டுக்காரரின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தார். அன்றைக்கென்று மழை, பாட்டி எதிர்ச்சாரி மருந்துக்கடைத் தாழ்வாரத்துக்கு மாறிப் போயிருந்தார். டீச்சர் காலி வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். மறுநாள் கெஞ்சிக் கூப்பிட்டேன். அப்புறம் இரண்டு ராத்திரி வந்து பார்த்தார், இரண்டு தடவையும் பாட்டி போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி "இங்கதான் இருக்கேன் கண்ணு" என்றார். அட்டை என் கடை விலாசத்துக்கே ஸ்பீட் போஸ்டில் வந்தது. வீட்டு எண் 0.

ஆதார் அவ்வளவு சுலபமாக இல்லை. முகவரிக்கு அதிகாரி கையெழுத்திட்டுத் தரும் சான்றுப் படிவம் இருக்கிறது, வாங்கியும் விட்டோம். முத்திரை போட்டோவின் மேல் பாதி விழவில்லை என்று மையத்தில் திருப்பினார்கள். இரண்டாவது தடவை பின்கோடில் ஓர் எண்ணைத் திருத்தியிருந்தது. மூன்றாவதில் சான்றின் மூன்று மாத கெடு முடிந்திருந்தது. நாலாவதில் பாட்டியின் விரல் ரேகை விழவில்லை, 20 வருடம் புளி தட்டிய விரல். கருவிழி மட்டும் இருந்தாலே பதியலாம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசே சொன்ன அறிவிப்பைக் கடையிலிருந்து ஓடிப்போய் பிரிண்ட் எடுத்து வந்து காட்டிய பிறகுதான் பதிந்தார்கள். அதைக் கையிலேயே வைத்திருங்கள்.

திரும்ப தங்குமிடத்துக்கு வருகிறேன். மன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்க இரண்டு மாதம் கவுன்சிலர் வீடு வீடாகப் போனோம். சந்தை வியாபாரிகளுக்குப் பயம், தங்குமிடம் வந்தால் ஊர்பட்டவன் எல்லாம் வந்து சேர்வான் என்று. டீக்கடை அண்ணன்தான் அவர்களைச் சமாளித்தார், பாதிப் பேர் அவரிடம் கடன் வைத்திருப்பவர்கள். 2024 பிப்ரவரியில் தீர்மானம் நிறைவேறியது. அன்றைக்கு எல்லோருக்கும் டீ இலவசம்.

மார்ச் 16-இல் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள், நடத்தை விதி வந்தது, ஃபைல் நின்றது. ஏப்ரல் 19-இல் பாட்டி ஓட்டுப் போட்டார் (யாருக்கு என்று கேட்டதற்கு, "அத எதுக்கு உங்கிட்ட சொல்லணும்?"). ஜூனில் விதி விலகி, ஜூலையில் கருத்துரு மேலே போனது. புல வரைபடம் இணைக்கவில்லை என்று ஆகஸ்டில் திரும்பியது. இணைத்தோமே என்றால், பின் குத்தியது கழன்றிருக்கலாம் என்றார்கள். பின் குத்தாதீர்கள், நூல் போட்டுக் கட்டுங்கள், எல்லாப் பக்கத்திலும் எண் போடுங்கள், ஒப்புகையில் மொத்தம் எத்தனை பக்கம் என்று எழுதி வாங்குங்கள். ஜெராக்ஸ் கடைக்காரி நான், எனக்கே தோன்றவில்லை. அடுத்த ஆட்சேபம், ஒரு தங்குமிடம் என்றால் குறைந்தது 50 பேருக்கு, ஆளுக்கு 50 சதுர அடி, உங்கள் ஊரில் இருப்பது 31 பேர்தானே. கூழ் சீசன் கணக்கை எடுத்து, ஃபேக்டரி சூப்பர்வைசர்களிடம் கையெழுத்து வாங்கி, செப்டம்பர் மூன்றாம் வாரம் திரும்ப அனுப்பினோம். மாதக் கடைசியில் திட்டமே முடிந்தது. அப்படி முடியப் போகிறது என்று எங்களிடம் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. எந்தத் திட்டத்தில் கேட்டாலும் முதலில் அதன் கடைசித் தேதியைக் கேட்டுவிடுங்கள்.

இந்தக் கோபத்தில் இருக்கும்போதே ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் 1-இல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை, ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரிலும் சந்தைக் கொட்டகையில் முழங்கால் தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். பாய், சாப்பாடு, பெண்களுக்குத் தனி வகுப்பறை. யாரிடமும் அட்டை கேட்கவில்லை, யாரும் 50 பேர் ஆகட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த மஞ்சள் பை அக்காவைப் பார்த்தேன், ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வெயில் வந்தது, பள்ளிக்கூடத்தைக் கழுவிப் பூட்டினார்கள்.

இப்போது பேரூராட்சியின் சொந்த நிதியிலிருந்து பழைய வரி வசூல் கூடத்தை ராத்திரி மட்டும் திறக்கக் கேட்டிருக்கிறோம். செயல் அலுவலர் முடியாது என்று சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் பெஞ்சில் அந்த அக்காவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க போக வர இதே கதவா?" என்று கேட்டார். ஆறு பேர், இரண்டு வருடம், நாலு வரைபடம், எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. பின்பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது, இடித்தால் கதவு வைக்கலாம் என்கிறார் மேஸ்திரி. மதிப்பீடு கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமைக்குள் தருகிறேன் என்றிருக்கிறார்.