கேள்விக்குறியாகிப் போன புள்ளிகள்

அத்தை பாடப் பாட நான் தட்டச்சு செய்து வைத்திருந்த நடவுப் பாட்டுகள் 41, ஒரே டெக்ஸ்ட் கோப்பில் இருந்தன. போன மாதம் அதை வேறொரு கணினியில் இருந்த பழைய எடிட்டரில் திறந்தேன். தமிழே இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடி அதே ஏ என்று திரை முழுக்க ஓடியது. எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள சேமிப்பு முறை யூடிஎஃப்-8 என்பதால், பதறிப்போய் மெனுவில் 'யூடிஎஃப்-8-க்கு மாற்று' என்பதை அழுத்திச் சேமித்தும் விட்டேன். அதுவரை கோப்பு நன்றாகத்தான் இருந்தது, அந்தச் சேமிப்பில்தான் கெட்டது.

கோப்புக்குள் இருப்பவை வெறும் பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையிலான எண்கள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், 'அம்மா' என்றால் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று 5 குறி, 15 பைட். எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். எடிட்டர் இதை விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய எழுத்து அட்டவணை) என்று தப்பாக ஊகித்து, பைட்டுக்கு ஓர் எழுத்தாகக் காட்டினால் அந்த ஏ திரும்பத் திரும்ப வராமல் என்ன செய்யும்? அந்த நிலையில் 'மாற்று' என்றால் அந்தக் குப்பையே புதிய எழுத்தாகப் பதிவாகிறது. 3 பைட்டாக இருந்த அ 7 பைட் ஆகிவிடும். 38 கேபியாக இருந்த என் கோப்பு கிட்டத்தட்ட இரு மடங்காகியிருந்தது, அதைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது.

சரி, தலைகீழாக மாற்றினால் திரும்பி வந்துவிடும் என்று பார்த்தால் முழுதாக வரவில்லை. 1252 அட்டவணையில் 5 இடங்கள் காலி, அந்தப் பைட்டுகளுக்கு எழுத்தே கிடையாது. நம் ஏ, ஐ, உகரக் குறி, புள்ளி இந்த நான்கின் கடைசி பைட்டும் சரியாக அந்தக் காலி இடங்களில் போய் விழுகிறது. அந்த எடிட்டர் அங்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிட்டது. 'நாத்து' என்ற சொல்லில் இரண்டு ஓட்டை, முதலாவது புள்ளி, இரண்டாவது உகரம். பைட்டை வைத்து அதைப் பிரிக்க வழியில்லை, பாட்டு தெரிந்தவர்தான் சொல்ல முடியும். தமிழில் புள்ளி இல்லாத வரி ஏது? எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

அதனால் சொல்கிறேன், குப்பையாகத் தெரிந்தால் எதையும் சேமிக்காதீர்கள். விஎஸ் கோட் என்ற எடிட்டரில் கீழ்ப்பட்டையில் இருக்கும் என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) பெயரைத் தட்டினால் 'ரீஓப்பன் வித் என்கோடிங்', 'சேவ் வித் என்கோடிங்' என்று இரண்டு வரும். முதலாவது அதே பைட்டுகளை வேறு மாதிரி படிக்கும், இரண்டாவது பைட்டுகளையே மாற்றி எழுதும். முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் தமிழை ஆன்சி (1252 போன்ற பழைய அட்டவணைகளுக்கு விண்டோஸில் வழங்கும் பெயர்) என்று சேமிக்கவே வேண்டாம், விண்டோஸின் ஆன்சி அட்டவணைகளில் தமிழுக்கென்று ஒன்று கிடையாது, எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதை மீட்க எந்த வழியும் இல்லை. 2019-க்குப் பிந்தைய நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8-இல் சேமிக்கிறது. பழைய நோட்பேடில் சேமிக்கும்போது நாம்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அத்தைக்கு இப்போது தினமும் சாயங்காலம் போன் போடுகிறேன். நான் ஓட்டை இருக்கும் வரியைப் படித்துக் காட்ட, அவர் முழு வரியையும் பாடிவிடுகிறார். 35 பாட்டு சரியாகிவிட்டது, இன்னும் 6 பாக்கி.