ராக்கெட் எஞ்சின் மாடல்: கொதிகலன் தயார்

ராபர்ட் ஸ்டீபன்சனின் நியூகாசில் பட்டறையில் உருவான 'ராக்கெட்' என்ற நீராவி ரயில் எஞ்சினை 1:20 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். இப்போது கொதிகலன் முடிந்திருக்கிறது.

எந்த ராக்கெட்டைச் செய்வது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் பாதுகாத்து வைத்திருப்பது பல மாற்றங்கள் கண்ட எஞ்சின். அதன் சிலிண்டர்கள் கிட்டத்தட்ட படுத்தவாக்கில் இருக்கும். 1829 அக்டோபரில், லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதைக்கு எஞ்சின் தேர்ந்தெடுக்க நடந்த ரெயின்ஹில் போட்டிக்கு வந்தபோது அவை நன்றாக நிமிர்ந்த சாய்வில் இருந்தன. வேகத்தில் எஞ்சின் ஆட்டம் கண்டதால் பிறகு தாழ்த்தினார்கள். எனக்கு வேண்டியது மஞ்சள் உடம்பும் வெள்ளைப் புகைபோக்கியுமாகப் போட்டிக்கு வந்த ராக்கெட்தான்.

அசல் கொதிகலனின் நீளம் 6 அடி, விட்டம் 3 அடி 4 அங்குலம். மாடலில் 9 செ.மீ. நீளம், 5 செ.மீ. விட்டம். கடையில் கிடைக்கும் 50 மி.மீ. பிவிசி பைப்பே போதுமானதாக இருந்தது. அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். அவ்வளவுதான்.

பொறுமையைக் கேட்டது, நெருப்பின் அனலைத் தண்ணீருக்குள்ளாகக் கொண்டுபோகும் குழாய்கள். அசலில் 3 அங்குல விட்டத்தில் 25 செப்புக் குழாய்கள். நான் 4 மி.மீ. பித்தளைக் குழாய் எடுத்தேன். கிராஃப் தாளில் புள்ளி வைத்து, கொதிகலனின் முனையை மூடும் அக்ரிலிக் வட்டின் மேல் ஒட்டி, முதலில் மெல்லிய துளை, அப்புறம் 4 மி.மீ. துளை. குழாய்கள் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும் என்பதால், மேலே நீராவிக்கு இடம் விட்டுக் கீழ்ப்பகுதியில் நெருக்கி அமைத்தேன்.

ஒட்டும் முன் ஒன்று செய்து பார்த்தேன். இந்த 25 குழாய்களின் குறுக்குப் பரப்பும் 20 மி.மீ. குழாய் ஒன்றின் குறுக்குப் பரப்பும் சமம். அந்தப் பெரிய குழாயைச் சுற்ற 63 மி.மீ. காகிதப் பட்டை போதும். சிறிய குழாய்கள் அத்தனையையும் சுற்ற 314 மி.மீ. வேண்டும். அதாவது அதே வழியில் போகும் அனல் தண்ணீரைத் தொடும் பரப்பு ஐந்து மடங்கு! போட்டியாளர் ஹாக்வொர்த்தின் சான் பரேல் எஞ்சினில் வளைந்து திரும்பும் ஒற்றைப் பெருங்குழாய்தான் இருந்தது. ராக்கெட் மட்டுமே போட்டியை முழுதாக ஓடி முடித்து 500 பவுண்டு பரிசை வென்றது. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 47 கி.மீ. பல குழாய் யோசனையைச் சொன்னவர் அந்த லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் கம்பெனியின் பொருளாளர் ஹென்றி பூத் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பிரான்சில் மார்க் செகான் என்ற பொறியாளர் தனியாக அதே வழியைக் கண்டிருந்தார். பின்னால் வந்த நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பில்தான் ஓடின.

அடுத்தது புகைபோக்கி. சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியை அதற்குள் பாய்ச்சிக் காற்றை இழுத்தால்தான் குறுகிய குழாய்களில் அனல் வேகமாக ஓடும். அதற்கான இரண்டு குழாய்களைச் செப்புக் கம்பியில் வளைத்து வைத்திருக்கிறேன். அது முடிந்ததும் 7.2 செ.மீ. பெரிய சக்கரங்கள், அசலைப் போலவே மரத்தில் செய்து, மெல்லிய இரும்புப் பட்டை சுற்றப் போகிறேன்.