ஸ்பிதி சுண்ணாம்புக்கல்லில் கோனோடோன்ட் தேடிய அனுபவம்

இமாச்சலத்தின் ஸ்பிதியில், பின் பள்ளத்தாக்கில் முத் என்று ஒரு கிராமம். அங்கே தெரியும் டிரயாசிக் காலச் சுண்ணாம்புக்கல், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் டெத்திஸ் என்ற பழங்காலக் கடலின் அடியில் படிந்தது. டிரயாசிக்கின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் இண்டுவன், ஒலெனெகியன் என்ற இரு உட்காலங்களுக்கு இடையிலான எல்லைக்கு உலக அளவுகோலாக முன்மொழியப்பட்ட இடமும் இதுதான். அந்த எல்லையைக் காட்டிக்கொடுப்பவை கோனோடோன்டுகள்: விலாங்கு போன்ற, அழிந்துபோன ஒரு கடலுயிரின் பற்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவற்றைக் கல்லிலிருந்து பிரித்துப் பெயர் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

கல்லைச் சிறு துண்டுகளாக உடைத்து, வாளியில் சுமார் 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்பு கரையும், பாஸ்பேட்டால் ஆன பற்கள் தங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் பற்களும் சேர்ந்தே போய்விடும். அசிட்டிக் அமிலம்கூட அரிக்கக்கூடியது. அதனால் ஏற்கெனவே சுண்ணாம்பைக் கரைத்த பழைய கரைசலில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் புது அமிலத்தோடு கலப்போம். அதில் உள்ள கால்சியம் அசிடேட் பற்களைக் காப்பாற்றும்.

அப்புறம் சல்லடையில் அலசி, காயவைத்து, கனமான திரவத்தில் போட்டால் பற்கள் கீழே இறங்கும். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

பெயர் வைப்பதுதான் உண்மையான வேலை. ஒரே விலங்கின் வாயில் வெவ்வேறு வடிவங்களில் 15 பற்கள் வரை இருந்தன. இனத்தைப் பிரிக்க நம்பகமானது பி1 என்று குறிக்கப்படும் பல். நான் தேடியது அந்த எல்லையைக் காட்டும் இனமான நியோஸ்பதோடஸ் வாகெனி (இதன் பேரினத்தை இப்போது பலர் நோவிஸ்பதோடஸ் என்கிறார்கள்). பக்கவாட்டில் மட்டும் பார்த்தால் நியோஸ்பதோடஸ் டீனெரி என்ற இன்னொரு இனத்தோடு குழம்பும். நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், பின்முனையில் உள்ள கூரின் அளவு, அடிப்பக்கக் குழியின் வடிவம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஆகவே ஒவ்வொன்றையும் புரட்டி, அடியிலிருந்தும் பார்த்தாக வேண்டும். வளர வளர வடிவமும் மாறும் என்பதால், சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கி வைத்துத்தான் முடிவு செய்தேன். ஒற்றைப் பல்லின் படத்தை அட்லஸோடு (பல் படங்களின் தொகுப்பு நூல்) ஒப்பிட்டுப் பெயர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

உடைந்த துண்டுகள் மட்டுமே கிடைத்த கற்களுக்குப் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.