லாகினுக்கு மட்டும் எச்டிடிபிஎஸ் போட்ட கதை

ஒரு பழைய வெப் அப்ளிகேஷனை என் தலையில கட்டினாங்க. லாகின் பேஜ் மட்டும் எச்டிடிபிஎஸ் (போற வர்ற டேட்டாவை என்கிரிப்ட் பண்ணி, பூட்டி அனுப்புறது), உள்ள போனதும் திரும்ப சாதா எச்டிடிபிக்கு ரீடைரக்ட். எழுதினவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அப்போல்லாம் என்கிரிப்ஷன்னா சர்வர் திணறும்னு பயம், சர்டிஃபிகேட்டுக்கும் காசு, அதனால பாஸ்வேர்டு போற இடத்துல பூட்டு இருந்தா போதும்னு நிறைய பேர் அப்படித்தான் பண்ணாங்க.

ஆனா லாகினுக்கு அப்புறம் நாம யாருன்னு சர்வருக்குச் சொல்றதே செஷன் குக்கிதானே (பிரவுசர் வச்சிருக்கிற சின்ன அடையாளச் சீட்டு), அது ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் அப்பட்டமா போகுது, அதே ஓப்பன் வைஃபைல இருக்கிற எவனும் அதை எடுத்துக்கிட்டா பாஸ்வேர்டே வேணாம். 2010ல ஃபயர்ஷீப்னு ஒரு ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன் வந்து இதை ரெண்டு கிளிக் வேலையா ஆக்கிடுச்சு.

சரின்னு குக்கிக்கு செக்யூர் ஃபிளாக் போட்டேன். உடனே "லாகின் பண்ணா மறுபடி லாகின் பேஜே வருது"ன்னு கம்ப்ளெயின்ட். அரை நாள் டேட்டாபேஸைக் குடைஞ்சேன் (வெக்கம்தான்), கடைசில பாத்தா செக்யூர் குக்கியை பிரவுசர் எச்டிடிபில அனுப்பவே அனுப்பாது, அது அதோட வேலையைச் சரியா செஞ்சிருக்கு.

அதுக்கு மேல மாறி மாறி ஓட்டுறதுல அர்த்தமில்லன்னு மொத்தத்தையும் எச்டிடிபிஎஸ்க்கு மாத்தினேன், வந்துச்சு பாருங்க ரீடைரக்ட் லூப். முன்னாடி நிக்கிற லோடு பேலன்சர் (வர்ற ரிக்வெஸ்டை சர்வர்களுக்குப் பிரிச்சு விடுறது) எச்டிடிபிஎஸ்ஸோட 443 போர்ட்ல வாங்கி, டிஎல்எஸ்ஸை, அதாவது அந்த என்கிரிப்ஷனை, அங்கயே பிரிச்சிட்டு, அப்ளிகேஷனுக்கு 80 போர்ட்ல சாதா எச்டிடிபியா தள்ளுது, அப்ளிகேஷன் அதைப் பாத்து "ஐயோ எச்டிடிபி"ன்னு திருப்பி அனுப்புது, முடிவே இல்ல. எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரை (முதல்ல எச்டிடிபிஎஸ்லதான் வந்துச்சான்னு பேலன்சர் எழுதி அனுப்புற குறிப்பு) பாக்கச் சொன்னதும் நின்னுச்சு. அதை பேலன்சர்கிட்ட இருந்து வந்தா மட்டும் நம்பணும், இல்லன்னா யாரு வேணா அந்த ஹெடரை எழுதி அனுப்பலாம்.

இன்னொன்னு, ஃபார்ம் போஸ்ட். ஃபார்ம்ல டைப் பண்ணதை அனுப்புற போஸ்ட் (POST) ரிக்வெஸ்ட் பழைய எச்டிடிபி முகவரிக்கு வந்து, அதுக்கு 301னு ரீடைரக்ட் குடுத்தா, பிரவுசர் அதை பக்கத்தைக் கேட்கிற கெட் (GET) ரிக்வெஸ்டா மாத்திடுது, டைப் பண்ணதெல்லாம் போச்சு. 308ங்கிற ரீடைரக்ட் போட்டா போஸ்ட் போஸ்ட்டாவே போகும், ஆனா டேட்டா முதல் தடவையே பூட்டு இல்லாம போயாச்சே, அதனால ஃபார்ம் ஆக்‌ஷன்லயே எச்டிடிபிஎஸ் முகவரியைக் குடுத்துட்டேன்.

இப்போ எச்எஸ்டிஎஸ் ஹெடர்ல (இனிமே இந்த சைட்டுக்கு எச்டிடிபிஎஸ்லதான் வரணும்னு பிரவுசருக்குச் சொல்றது) மேக்ஸ்-ஏஜ், அதாவது அதை ஞாபகம் வச்சிக்கிற நேரம், 300 செகண்டு மட்டும் வச்சிருக்கேன். எடுத்தவுடனே 31536000னு ஒரு வருஷம் போட பயம், பிரவுசர் அதை மனசுல வச்சிக்கிட்டா எச்டிடிபி பக்கமே போகாது, ஒரு சப்டொமைன் வேற இன்னும் பழைய மாதிரியே கிடக்கு, ஹெடர்ல சப்டொமைன்களையும் சேர்த்தா அதுவும் மாட்டிக்கும்.