யார் தலையிலிருந்து?

வெள்ளைத் துணியை விரித்தது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பேன் இருக்கிற வீட்டில் பிள்ளையின் தலையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்தால் அது வேலையே ஆகாது. பக்கத்தில் படுக்கிற தலையிலிருந்து கொஞ்ச நாளில் திரும்ப ஏறிவிடும். ஒவ்வொருத்தராக உட்கார வைத்து, தேங்காயெண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பேன் சீப்பை மண்டையோடு ஒட்ட வைத்து நுனிவரை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துணியில் தட்ட வேண்டும். உயிருள்ள பேன் விழுந்தால்தான் மருந்து. ஈறு மட்டும் தெரிந்தால், அது மண்டையிலிருந்து கால் அங்குலத்துக்குள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். அதைவிடத் தள்ளி இருப்பதெல்லாம் பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடு. பாயில் தட்டினால் ஒன்றும் தெரியாது. வெள்ளைத் துணியில்தான் ஊர்வது கண்ணுக்குத் தெரியும்.

நர்ஸாக நான் போன அந்த வீட்டிலும் அப்படித்தான் செய்தேன்.

பிள்ளையை முந்தின நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். பேன் போன பிறகு வந்தால் போதும் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. தலைப்பேன் எந்த நோயையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. முடியைப் பற்றிக்கொண்டு நகரத்தான் தெரியும். தலையோடு தலை ஒட்டினால்தான் இன்னொரு தலைக்குப் போகும். அந்தப் பிள்ளை தலையில் அது பல வாரமாகவே இருந்திருக்கும். கண்ணில் பட்ட அன்றைக்கு மட்டும் அவசரமாக வீட்டுக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது? பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் பிள்ளை பட்ட அவமானம் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த அவமானத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்கத்தான் வேண்டியிருந்தது.

தாய் கடல்பாசி எடுக்கப் போகிறவள். விடியும் முன்னே வல்லத்தில் ஏறித் தீவுப் பக்கம் போய், இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கிக்கொண்டு வருகிறவள். விரலில் துணி சுற்றியிருந்தும் பாறை கிழித்த தழும்புகள் இருக்கும். பாசிக்குப் போக வாய்க்கிற நாளே மாதத்தில் கொஞ்சம்தான். அதில் ஒரு நாள் இந்தப் பேனால் போய்விட்டது. நான் போனபோது மண்ணெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தடவி வெயிலில் உட்கார வைக்கத் தயாராக இருந்தாள். தோல் வெந்துபோகும், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும் என்று சொல்லி அதை வாங்கி வைத்தேன். இந்தப் பக்கம் இன்னும் இரண்டு கைவைத்தியம் உண்டு. சீத்தாவிதையை அரைத்துத் தேய்ப்பார்கள். கண்ணில் வடிந்தால் கருவிழி புண்ணாகிவிடும். எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் தப்பித்தவறி அதைக் குடித்துவிட்டால் வலிப்பு வரும். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள். இத்தனை வருட வேலையில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான். அதனால்தான் அன்றைக்கு நடந்தது இன்னும் என்னை உறுத்துகிறது. அன்றைக்கும் காரணத்தைச் சொன்னேன்.

தாய், பிள்ளை, தங்கச்சிக்காரி, ஒன்றுவிட்ட அக்கா என்று வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொருவர் தலையிலிருந்தும் கொஞ்சம் விழுந்தது. கடைசியாக அப்பத்தாவைக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குத்தா? காடு வா வாங்குற கட்டை" என்று நகர்ந்தார். "ஆத்தா, ஒரு தலையை விட்டுட்டாலும் மத்ததுக்குப் போட்ட மருந்து வீண்" என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். கொண்டையை அவிழ்த்ததும் பின்கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் சொறிந்து சொறிந்து தோல் தடித்திருந்தது தெரிந்தது. உப்புத்தண்ணியில் அலசி அலசி முடி நார்போலத் திரிந்திருந்தது. எண்ணெய் போட்டும் சீப்பு உள்ளே இறங்கவில்லை. கொத்துக் கொத்தாகப் பிரித்துப் பிரித்துத்தான் இழுத்தேன். முதல் தட்டிலேயே எள்ளளவில் ஏழெட்டு விழுந்து ஊர்ந்தன. அப்புறம் நான் எண்ணவில்லை. எண்ணாமலே எல்லாருக்கும் தெரிந்தது.

மருமகள் துணியைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப மாமிட்டருந்துதான் எல்லாருக்கும் வந்திருக்கு, இல்லையா நர்ஸம்மா?"

"யாருட்டருந்து யாருக்கு வந்துச்சுன்னு சொல்லவே முடியாதும்மா. எல்லாரும் ஒரே நாள்ல போட்டா எல்லாருக்கும் போயிரும்."

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பேன் கடித்ததும் அரிப்பது அதன் எச்சில் நம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாததால்தான். முதல் தடவையாகப் பேன் ஏறுகிறவருக்கு அந்த அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதனால் முதலில் சொறிகிறவர்தான் முதலில் பெற்றவர் என்று சொல்ல முடியாது. அதிகம் இருக்கிறவர்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தவர் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருக்கலாம். தாய் வல்லத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும்போது ஏறியிருக்கலாம். இவ்வளவையும் அவளுக்குப் புரிகிற பேச்சில் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். துணி எங்கள் நடுவில் விரிந்தே கிடந்தது.

அப்போது அப்பத்தா, யாரையும் பார்க்காமல், கொண்டையை முடிந்துகொண்டே சொன்னார்: "நாந்தான எல்லாருக்கும் பேன் பாக்குறேன்."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லார் தலையையும் தொடுகிறவள் நான், அதனால் உங்களிடமிருந்துதான் எனக்கு வந்தது என்கிறாரா? பேன் பார்த்து நசுக்கியவள் மேலேயே பழி போடுகிறீர்களே என்கிறாரா? எல்லாருக்கும் நான் பார்க்கிறேன், எனக்குப் பார்க்க யார் இருக்கிறீர்கள் என்கிறாரா? அன்றைக்கு எனக்கு முதல் அர்த்தம்தான் தோன்றியது. பஸ்ஸில் வரும்போது மூன்றாவது தோன்றியது. அவருக்குப் பார்வை மங்கல். விரல்கள் மடங்கிப்போயிருந்தன. அந்தக் கையை வைத்துக்கொண்டு பேத்திகள் தலையில் சாயங்காலம் சாயங்காலம் ஈருவலித்தவர் அவர். அவர் தலையில் ஒருத்தர் சீப்பு வைத்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்? துணியில் விழுந்த பேன் அத்தனையும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வீட்டில் அது வேறு மாதிரி வாசிக்கப்பட்டது.

நான் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். அதையும் நினைத்துப் பார்த்துவிட்டேன். "பெரியவங்க தலையை யாரும் பார்க்கலை, அதான் இவ்வளவு" என்று சொல்லியிருந்தால் பழி அப்படியே மருமகள் மேல் விழும். விடியும் முன்னே எழுந்து கடலுக்குள் முங்கிவிட்டு வந்து, குடம் குடமாகக் காசு கொடுத்துத் தண்ணி வாங்கிச் சமைக்கிற பெண்ணிடம் போய், மாமியார் தலையையும் சீவிவிடக் கூடாதா என்று கேட்கிற வாய் எனக்கு இல்லை. அவள் தலையையே அவளால் பார்த்துக்கொள்ள முடிவதில்லை.

மருந்து விஷயம் சுலபமாகவே முடிந்தது. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். தலையை அலசித் துவட்டிவிட்டுத் தடவி, 10 நிமிடம் வைத்து, கழுவ வேண்டும். அது ஈறு எல்லாவற்றையும் கொல்லாது. ஈறு பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பொரித்து வருகிற குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்கு முன்னால், ஒன்பதாம் நாள் வாக்கில் இரண்டாவது தடவை போட்டாக வேண்டும். நம் பக்கத்தில் எல்லாரும் இந்த இரண்டாவதைத்தான் விட்டுவிடுவார்கள். எல்லாரும் ஒரே நாளில் வீட்டில் இருக்க வேண்டுமே! இவர்கள் வீட்டு ஆண்கள் விசைப்படகுக்குப் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் எல்லாரும் கரையில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விடுமுறைக்கு முந்தின கடைசி நாட்களில் இருந்தது. நேரம் தோதாக அமைந்தது. தலையணை உறையை வெந்நீரில் நனைத்து வெயிலில் போடச் சொன்னேன். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரண்டு நாளில் தானே செத்துவிடும், வீட்டையே கழுவ வேண்டாம் என்றும் சொன்னேன். இரண்டாவது மருந்து முடிகிறவரை தலையோடு தலை ஒட்டிப் படுக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் அந்த வீட்டில் தங்கிவிட்டது.

இரண்டாவது தடவை போனபோது பிள்ளைகள் தலை சுத்தம். தாய் தலையும் சுத்தம். அப்பத்தா தலையில்கூட செத்த கூடுகள்தான் கிடந்தன. எனக்கு அவ்வளவு நிறைவு. பேனுக்கு நான் நிரப்புகிற பதிவேடுகளில் இடம் கிடையாது. கர்ப்பிணிகள் விவரத்தை பிக்மி என்கிற அரசாங்க இணையப் பதிவில் ஏற்ற வேண்டும், தடுப்பூசிக் கணக்குக் கொடுக்க வேண்டும், இரத்த அழுத்த மாத்திரை வாங்காதவர்களைத் தேடிப் போக வேண்டும். இதற்கு நடுவில் ஒரு வீடு முழுக்கப் பேன் ஒழிந்தது என்று எழுத ஒரு வரி கிடையாது. அது ஒழிந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கிளம்பும்போதுதான் திண்ணையில் சுருட்டி வைத்த பாயும், அதன் மேல் தனியாக ஒரு தலையணையும், தனியாக ஒரு சீப்பும் கண்ணில் பட்டன.

"ஆத்தா இங்கயா படுக்குறாங்க?"

"நீங்கதான சொன்னீங்க, தலையோட தலை ஒட்டக் கூடாதுன்னு."

"அது மருந்து முடியிற வரைக்கும்தானம்மா. இப்போ யார் தலையிலயும் இல்ல. இனி உள்ள வந்து படுக்கலாம்."

"திரும்ப வந்துட்டா? இன்னொரு தடவ பள்ளிக்கூடத்துல இருந்து அனுப்புனா யாரு பதில் சொல்றது?"

அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. திரும்ப வராது என்று எந்தச் செவிலியும் எழுதிக் கொடுக்க முடியாது. பிள்ளைகள் தலையோடு தலை முட்டி விளையாடுகிற வரைக்கும் பேன் வரும், போகும். அதைச் சொன்னால் அவள் பயம் இன்னும் கூடும். சொல்லாவிட்டால் பாட்டிதான் காரணம் என்றே நிற்கும். இரண்டுக்கும் நடுவில், "மாசத்துக்கு ரெண்டு தடவ எல்லார் தலையிலயும் சீப்பு போடுங்க, ஆத்தா தலையிலயும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் சரி என்றாள். பேத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாயங்கால நேரம்தான் அது. ஆனால் பாட்டி மடியில் தலை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு போகிற வீடுகளில் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒருத்தர் தலை முடிந்ததும் துணியை மடித்துச் சோப்புத் தண்ணியில் போட்டுவிட்டு, வேறு துணி விரிப்பேன். யார் தலையில் எவ்வளவு என்பது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும், மருந்து கொடுக்க அது போதும். என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கண்ணால பாத்தாத்தான் மருந்து போடுவாங்க. நீ மறைச்சா, இல்லாத பேனுக்கு நர்ஸம்மா மருந்து குடுக்குதுன்னு விட்டுருவாங்க" என்றார். அவர் சொன்னபடியே ஒரு வீட்டில் நடந்தது. இரண்டாவது பாட்டில் பிரிக்கப்படாமலே மாடத்தில் இருந்தது. இன்னொரு வீட்டில் வயதான ஒரு அம்மா, "ஏந்தா, என் தலையில விழுந்தத எனக்கே காட்டாம மடிக்கிறியே" என்று கையைப் பிடித்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவர் தலை, அவருக்குத் தெரியத்தான் வேண்டும். அவருக்குக் காட்டினால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் தெரியும். இந்த ஊர் வீடுகளில் ஒருத்தருக்கு மட்டும் காட்ட ஒரு அறை எங்கே இருக்கிறது? இப்போது சில வீட்டில் மடிக்கிறேன், சில வீட்டில் விரித்தே வைக்கிறேன். எந்த வீட்டில் எது என்பதை உள்ளே நுழைந்து முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறேன். இதை யாருக்கும் பயிற்சியில் சொல்லிக் கொடுக்க முடியாது. சரி என்று நிரூபிக்கவும் முடியாது.

அந்த முதல் வீட்டுக்கு ஆடியில் ஒரு நாள் போனேன். மாத்திரை கொடுக்கப் போன சாக்கு. அப்பத்தா அப்போதும் திண்ணையில்தான் இருந்தார். "ஏன் ஆத்தா, இன்னும் வெளியிலயே படுக்குறீங்க? யாராவது சொன்னாங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். "யாரு சொல்லப் போறா? உள்ள புழுக்கம்த்தா. இங்க காத்து நல்லா வருது" என்றார். கச்சான் காற்று அடிக்கிற மாசம் அது. வெளியில் படுத்தால் காற்று நன்றாக வரும் என்பது உண்மைதான். எங்கள் வீட்டிலும் அந்த மாதங்களில் பாதிப் பேர் வெளியில்தான் படுக்கிறார்கள். அவர் எனக்காகச் சொன்னாரா, மருமகள் காதில் விழட்டும் என்று சொன்னாரா, நிஜமாகவே காற்றுக்காகத்தான் படுக்கிறாரா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஐப்பசியில் மழை பிடித்து வாடை திரும்பினால் அந்தத் திண்ணையில் யாராலும் படுக்க முடியாது, சாரல் சுவர்வரை அடிக்கும். தடுப்பூசிக் கணக்கை அந்த மாதம் அந்தத் தெருவிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். அப்போது பாய் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.